கம்பிக்குப் பதிலாகக் கரி

நைட்ரஜன் போய்க்கொண்டிருக்கிறது, போகட்டும், இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும், அவசரப்பட்டு இப்போதே சுவிட்சைப் போட்டால் தண்ணீருக்குள் ஒளிந்திருக்கிற ஆக்ஸிஜன் வந்து குட்டையைக் குழப்பிவிடும், அப்புறம் வந்தது எது வராதது எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் உண்மையைச் சொன்னால் நான் ஆக்ஸிஜன் போவதற்காகக் காத்திருக்கவில்லை, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் கவரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு சின்னக் கண்ணாடிக் குடுவை. உள்ளே அமிலம் கலந்த தண்ணீர். தண்ணீரில் என் லேப் தோழி ஷமீமா செய்த நிக்கல் மூலக்கூறு, இளம் காவி நிறத்தில் கரைந்து கிடக்கிறது, அவள் கையால் செய்ததில் கடைசிச் சிட்டிகை, இதற்கு மேல் கிடையாது. மூடியில் மூன்று துளை. ஒன்றில் ஹைட்ரஜன் வரவேண்டிய கறுப்பு வட்டு, இன்னொன்றில் அளவு பார்க்கிற குச்சி, மூன்றாவதில் கரண்டைச் சுற்றி முடித்துவைக்க வழக்கமாக நிற்கும் பிளாட்டினம் கம்பி. இன்றைக்கு அந்த இடத்தில் மட்டும் ஒரு கரிக்குச்சி. இவ்வளவுதான் வித்தியாசம். இதற்குப் போய் எதற்கு இப்படிக் கை வியர்க்கிறது, செண்பகவல்லி, நீ என்ன புதிதாக லேபுக்குள் வந்தவளா. எங்கேயோ குளிர்நாட்டில் உட்கார்ந்து என் தீசிஸைப் படித்த ஒரு புண்ணியவான், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: பிளாட்டினத்துக்குப் பதிலாகக் கார்பன் வைத்தாலும் இதே அளவு ஹைட்ரஜன் வருகிறதா? வைவாவுக்கு முன்னால் பதில் வேண்டுமாம். பார்த்தால் சாதாரணக் கேள்வி. படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிளாட்டினம் கரையும். அதுதான் சங்கதி. மூன்றாவது துளையில் யோக்கியன் மாதிரி நின்றுகொண்டே அது கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், கரைந்தது தண்ணீர் வழியாகவே போய் எதிரே இருக்கிற கறுப்பு வட்டில் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் அப்புறம் ஹைட்ரஜனைப் பொங்க வைப்பதில் அதை அடிக்க ஆள் கிடையாது. அப்படியானால் இத்தனை காலமும் குமிழி விட்டது யார், ஷமீமாவின் நிக்கலா, கைடு கொடுத்த கம்பியா? இதைத்தான் அந்த மனுஷன் கேட்கிறார். நேராகக் கேட்கவில்லை, மரியாதையாகக் கேட்கிறார், மரியாதையாகக் கேட்பவர்களிடம்தான் எனக்குப் பயமே. பிளாட்டினமே வேண்டாம் என்றுதானே நாங்கள் கிளம்பினோம். அது எங்கே கிடைக்கிறது, யாருக்குக் கட்டுப்படியாகும், அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் எரிபொருள் செய்ய முடியுமா என்று எத்தனை மேடையில் பேசியிருப்போம். ஜன்னலைத் திறந்தால் கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகள் தெரியும், ஆடிக்காற்றில் அவை சுற்றுகிற சுற்றில் வருகிற மின்சாரத்தை வாங்க ஆள் இருக்காது, மாசி பங்குனியில் எல்லாரும் மின்சாரம் மின்சாரம் என்று அலறும்போது அவை கையைத் தொங்கப்போட்டு நிற்கும், இதோ இப்போதும் அப்படித்தான் நிற்கின்றன. மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரை உடைத்து ஹைட்ரஜனாகச் சேர்த்து வைத்துக்கொண்டால் ஆடியின் காற்றைப் பங்குனியில் எரிக்கலாம். அதற்கு ஒரு தரகன் வேண்டும், வினையைத் தூண்டிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கிறவன். குளத்துச் சேற்றில் இருக்கிற கிருமிக்குக்கூட அப்படியொரு தரகன் உண்டு, ஒரு புரதம், நடுவில் இரண்டு மூன்று அணு இரும்பும் நிக்கலும், பிளாட்டினத்தை ஜென்மத்தில் பார்த்திராத கிருமி அதை வைத்துக்கொண்டு ஹைட்ரஜன் செய்கிறது. என்ன, காற்றுப் பட்டால் அது செத்துவிடும், அத்தனை நோஞ்சான். அதைப் பார்த்து, அதன் நடுப்பகுதியை மட்டும் காப்பியடித்து, காற்றுப் பட்டாலும் சாகாத மாதிரி ஒன்றைச் செய்கிறேன் பார் என்று கிளம்பினவள் ஷமீமா. செய்தும் விட்டாள். செய்தாளா? அதுதான், செய்தாளா என்பதுதான் இப்போது இந்தக் குடுவைக்குள் இருக்கிறது.

முதல்முதலாக அது வேலை செய்த நாள். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில் கோடு தரையோடு தரையாகப் போகிறது. நான் கேன்டீனுக்குப் போகலாம் என்றேன். “ஏட்டி, சும்மா இரி, அதுக்குத் தூக்கம் கலையாண்டாமா?” என்றாள் ஷமீமா. கலைந்தது. மெல்ல மெல்லக் கோடு ஏறியது, வட்டின் மேல் கடுகைவிடச் சின்னதாகக் குமிழிகள், அப்புறம் சரஞ்சரமாக. “முழிச்சிட்டு பாரு, எம் பிள்ள முழிச்சிட்டு,” என்று அவள் கத்தின கத்தலில் பக்கத்து லேபிலிருந்து ஓடி வந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் லேபில் அதற்குப் பெயர் முழிப்பது. முழித்துவிட்டதா என்று கைடு கேட்பார், இன்னும் முழிக்கவில்லை சார் என்போம். பேப்பரிலும் அதைத்தான் நாசூக்காக எழுதினோம், மூலக்கூறு மெல்ல மெல்லச் செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது என்று. மூலக்கூறு இல்லாமல் வெறும் தண்ணீரை வைத்தும் ஓட்டிப் பார்த்தோம், பார்க்காமல் இல்லை, கோடு எழவில்லை, ஆனால் அதை எவ்வளவு நேரம் ஓட்டினோம்? ஒரு சுற்று. தும்மி முடிக்கிற நேரம். மூலக்கூறு போட்டால் மணிக்கணக்கில் காத்திருப்போம், வெறும் தண்ணீருக்கு யார் காத்திருப்பார்கள், அதில்தான் ஒன்றும் இல்லையே. மெல்ல மெல்ல ஏறினால் அது முழிப்பதாகவும் இருக்கலாம், கம்பி கரைந்து வந்து ஒட்டிக்கொள்வதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். இல்லை, இல்லை, முழிப்பதுதான். வரும். சுவிட்சைப் போட்டால் வரும். கரி வைத்தாலும் வரும். நைட்ரஜன் இன்னும் கொஞ்சம் போகட்டும்.

காய்ச்சலோடுதான் அந்த நீண்ட ஓட்டத்தை ஓட்டினாள். நிறுத்தாமல் நாள் கணக்கில் ஓடினாலும் மூலக்கூறு தாங்குகிறது என்று காட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இந்தா இந்த ஸ்டூலில்தான், துப்பட்டாவைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து. ஆஸ்பத்திரிக்கு வா என்றால், “எனக்கென்ன, சளிதான், இது முடியட்டும், ரெண்டு பேரும் போவோம்,” என்றாள். ஓட்டம் முடிந்தது, வரைபடம் அழகாக வந்தது, அவளை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டெங்கு முற்றிப்போய் ரத்தத்தில் தட்டணுக்கள் எல்லாம் விழுந்திருந்தன. அதற்கப்புறம் பேப்பர் வந்தது, அவள் பெயர் முதலில், பெயருக்கு மேல் ஒரு சின்னச் சிலுவைக்குறி. இறந்தவர் என்பதற்கு அவர்கள் அப்படித்தான் போடுவார்களாம். மேலப்பாளையத்துப் பெண்ணுக்குச் சிலுவையா என்று நான் கைடிடம் சண்டை போட்டேன், அந்தக் குறியை ஒரு நட்சத்திரமாக மாற்றி வாங்கினார், அதற்காக எத்தனை மெயில் போட்டார், மனுஷனைத் தப்பாகச் சொல்லக்கூடாது. நான் அன்றைக்கும் அழவில்லை, ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அழவில்லை. எனக்கு அவள் முழுக்கப் போய்விட்டதாகவே தோன்றவில்லை, அதுதான் காரணம். காலையில் வருவேன், செருப்பைக் கழற்றுவேன், சுவிட்சைப் போடுவேன், காத்திருப்பேன், குமிழி வரும். வந்துட்டியாட்டி என்று மனசுக்குள் ஒரு வார்த்தை. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் தீசிஸில் பாதியை அந்தப் பைத்தியக்காரத்தனத்தில்தான் எழுதினேன், அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்து, அவள் மூலக்கூறின் மேலேயே கட்டி. அது போனால் என் தீசிஸும் சேர்ந்து போகும், போனால் போகிறது, இன்னொன்று எழுதிக்கொள்ளலாம், எழுத முடியாமலா போய்விடும். அவளுக்கு இன்னொன்று கிடையாதே.

அவள் வாப்பா ஒருநாள் வந்தார். டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிற கடை, அந்தக் கறை போகாத கையில் ஒரு பை அல்வா. யாரிடமும் சொல்லாமல் வாசலில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். “எம் பிள்ள வேல செஞ்ச எடத்த ஒரு வாட்டி பாத்துட்டுப் போயிருதேம்மா,” என்றார். உட்காரவைத்தேன். என்ன காட்டுவது, பீரோவையும் பிப்பெட்டையுமா காட்டுவது, இதை ஓட்டிக் காட்டினேன். கோடு ஏறி, குமிழி வந்ததும் குனிந்து மூக்கு குடுவையில் முட்டுகிற மாதிரி பார்த்தார். “இது அவ செஞ்சதா?” ஆமாம் வாப்பா. “அவ இல்லாமலே ஓடுதே.” ஆமாம் வாப்பா, இதற்கு அவள் இருக்க வேண்டியதில்லை, செய்து வைத்துவிட்டால் அது பாட்டுக்கு வேலை செய்யும், தானும் தேயாது. தேயாது என்று நான்தான் சொன்னேன், என் வாயால். அவர் குடுவையின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஓதினார். போகும்போது, “வூட்ல உம்மாட்ட சொல்லணும், பிள்ள வேல இன்னும் நடக்குன்னு,” என்றார். அந்த உம்மா அதற்கப்புறம்தான் எழுந்து சமைக்க ஆரம்பித்தார்களாம். இதெல்லாம் இந்தக் கரிக்குச்சிக்குத் தெரியுமா. அந்தக் குளிர்நாட்டுக்காரருக்குத் தெரியுமா. போதும், நைட்ரஜன் போதும், இதற்கு மேலும் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் சிலிண்டர்தான் காலியாகும்.

போட்டுவிட்டேன். கோடு தரையில் போகிறது. போகும், ஆரம்பத்தில் எப்போதும் அப்படித்தான், தூக்கம் கலைய வேண்டாமா. வெயிலில் கூரைத் தகடு படபடவென்று நெட்டி முறிக்கிறது, வராண்டாவில் யாரோ போனில் சிரித்துக்கொண்டே போகிறார்கள், அம்மா காலையில் கேட்டாள், வைவா முடிந்ததும் வாசலில் டாக்டர் என்று போர்டு வைக்கலாமா, காய்ச்சலுக்கு ஆள் வந்தால் என்ன செய்வது என்று, கிண்டலா நிஜமா தெரியவில்லை. கோடு தரையில். இந்த நேரத்துக்கு லேசாக ஒரு மேடு வந்திருக்க வேண்டும். மின்னழுத்தம் சரியாகத்தான் இருக்கிறது. இணைப்பு சரியாகத்தான் இருக்கிறது. பச்சை ஒயர் பச்சையில், சிவப்பு சிவப்பில். வட்டின் மேல் ஏதோ மினுங்குகிறதே, குமிழியா, குமிழிதான், இல்லை, நைட்ரஜன் போனபோது ஒட்டின குமிழி, நகராமல் கிடக்கிறது. முழிட்டி. ஷமீமா, முழி. விளையாடாதே. கரி வைத்ததற்குக் கோபமா, அந்த ஆள் கேட்டார், நான் என்ன செய்ய. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்க்காமல் இருந்தால் வரும், பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பொங்காது என்கிற மாதிரி. மூடினேன். அவள் கழுத்து தெரிகிறது, வியர்த்த கழுத்தில் ஒட்டின முடி. திறந்தேன். தரை. வழக்கமாக முழித்து, ஏறி, நாங்கள் டீ குடித்துவிட்டு வருகிற நேரமும் தாண்டியாயிற்று. தண்ணீர் சலனமே இல்லாமல் காவியாகக் கிடக்கிறது. சாயத்தண்ணீர். வெறும் சாயத்தண்ணீர்.

மேசையில் பஞ்சு மேல் கிடக்கிற பிளாட்டினம் கம்பியை எடுத்தேன். கைடு ஞானதுரை சார் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்தது, லேபில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அவர் இதைக் கையில் கொடுத்துக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணுவார், அதற்கப்புறம்தான் வேலை தொடங்கும், நாங்கள் ஆயுதபூஜைக்கு இதற்கும் ஒரு துளி சந்தனம் வைத்துக் கழுவி எடுப்போம், அதையும் ஒன்றும் சொல்ல மாட்டார். இத்தனை முறை தொட்டிருக்கிறேன், ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருக்கிறேனா. ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தேன். மேலே, கண்ணாடிக்குழாய்க்குள் இருக்கிற பாகம் வழுவழுவென்று தடியாக இருக்கிறது. கீழே, தண்ணீரில் முங்குகிற பாகம் சொரசொரத்து இளைத்திருக்கிறது. விரலால் வருடினாலே தெரிகிறது. இளைத்தது எங்கே போச்சு? எங்கே போயிருக்கும். ஒவ்வொரு நாளும் நான் வந்துட்டியாட்டி என்று கேட்டபோது வந்துகொண்டிருந்தது இதுதான். நாங்கள் வேண்டாம் என்று மேடை போட்டுத் திட்டின ஆளேதான் பின்வாசல் வழியாக வந்து வேலையை முடித்துக் கொடுத்திருக்கிறான். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நெஞ்சிலேயே நின்று வலித்தது.

“என்னம்மா, முழிச்சிட்டா?” கைடு உள்ளே வந்திருந்தார். வருகிற ஆனியில் ரிட்டயர் ஆகிறார், பெயர் சொல்லும்படி அவருக்கு இருப்பது இந்த ஒரு பேப்பர்தான். நான் திரையைக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“எவ்வளவு நேரமா ஓடுது?”

“ரொம்ப நேரமா சார். எந்திரிக்கவே இல்ல.”

“கரிக்குச்சி சரியில்லாம இருக்கும். அதுல கரண்ட் ஒழுங்கா திரும்பாது, எத்தன வாட்டி பாத்துருக்கோம்.” என்னைப் பார்க்காமல் குடுவையைப் பார்த்தே பேசினார். “பழைய கம்பியப் போட்டு ஓட்டும்மா. முழிச்சிதுன்னா மாலிக்யூல் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம். கோளாறு கரியிலதான்னு எழுதிருவோம்.”

“சார், கம்பியே கரஞ்சிருந்தா?”

அவர் ஸ்டூலை இழுத்தார், உட்காரவில்லை, அதன் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டார். “அந்தப் பிள்ளை இதுக்காவ உயிரைக் குடுத்துருக்கும்மா,” என்றார். குரல் உடைந்தது, நடிப்பில்லை, எனக்குத் தெரியும். “அவ பேரு அதுல இருக்கு. நீயும் நானும் நாளைக்கு வேற ஒண்ணு செஞ்சிக்கிடலாம். அவளால முடியுமா? கம்பியப் போடு. நான் பிரின்ஸிபாலைப் பாத்துட்டு வாரேன்.”

நான் நினைத்ததையே அவரும் சொன்னார், வார்த்தைகூட அதிகம் மாறவில்லை. அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிந்தது. உயிரைக் கொடுத்தாளாம். அவளா கொடுத்தாள். ஒரு பொய்க் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், காய்ச்சல் அவளைத் தின்றது, அதற்குப் பெயர் கொடுப்பதா? எனக்கு அவர் மேல் கோபம், அந்தக் கம்பி மேல் கோபம், செத்துப்போனவள் மேல்கூடக் கோபம், ஏன்டி நீ கரியை வைத்துப் பார்க்கவில்லை, உனக்குத்தான் எல்லாவற்றிலும் சந்தேகம் வருமே, உப்புமாவில் உப்பு இருக்கிறதா என்று என் தட்டில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே உன் தட்டில் வாய் வைப்பாய். அவள் இருந்தால் இப்போது என்ன செய்வாள் என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டாம். கை அதுபாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. குடுவையில் இருந்ததை ஒரு குப்பியில் ஊற்றி மூடினேன். குடுவையை அமிலத்தில் கழுவினேன், தண்ணீரில் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். பீரோவிலிருந்து இதுவரை யாரும் பிரிக்காத புது வட்டை எடுத்தேன். புது அமிலத் தண்ணீர். கரிக்குச்சி இருந்த துளையில் பழையபடி பிளாட்டினம் கம்பி. மூலக்கூறு போடவில்லை. நிறமே இல்லாத தண்ணீர், குடிக்கிற தண்ணீர் மாதிரி இருந்தது. நைட்ரஜனை விட்டேன், ஆக்ஸிஜன் போகிற வரைக்கும் விட்டேன், இந்தமுறை சாக்குக்காக ஒரு நிமிஷம்கூடக் கூட்டவில்லை. சுவிட்ச்.

தரை. நல்லது, தரையிலேயே இரு. வெறும் தண்ணீரில் என்ன வந்துவிடப்போகிறது, அப்படியே இரு, உனக்குப் புண்ணியமாகப் போகும், நீ தரையிலேயே இருந்தால் கரிதான் கோளாறு, கைடு சொன்னதுதான் சரி, நான் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை நாளும் ஏறு ஏறு என்று கெஞ்சினவள் இன்றைக்கு ஏறாதே ஏறாதே என்று கெஞ்சுகிறேன். கரண்ட் போனால்கூட நல்லது. ஜெனரேட்டர் டீசல் இல்லாமல் நின்றால் நல்லது. தரை. தரைதான். வெயில் மேசையின் இந்த ஓரத்திலிருந்து நகர்ந்து என் முழங்கைக்கு வந்துவிட்டது, எறும்பு ஒன்று கீபோர்டின் மேல் போகிறது, எங்கே போகிறாய், இங்கே தின்ன ஒன்றும் இல்லை. தரை. அப்புறம் அது தரை மாதிரி இல்லை. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து ஒரு காகிதத்தின் ஓரத்தைத் திரையில் வைத்துப் பார்த்தேன். காகிதத்துக்கு மேலே போய்விட்டது. எனக்கு அந்த ஏற்றம் மனப்பாடம், எந்த இடத்தில் மெல்ல வளையும், எந்த இடத்தில் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஏறும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் காற்றில் வரைந்து காட்டுவேன். அதே ஏற்றம். துளி மாறவில்லை. குடுவைக்குள் வட்டின் மேல் கடுகைவிடச் சின்னதாக ஒன்று, இரண்டு, அப்புறம் சரஞ்சரமாக. அவள் இல்லாத தண்ணீரில். அவள் ஒருபோதும் இருந்திராத தண்ணீரில். வந்துட்டியாட்டி என்று கேட்க வாய் பழக்கத்தில் திறந்தது, கேட்க அங்கே யாரும் இல்லை, அன்றைக்கு ஜனாஸா போனபோது வராத அழுகை இப்போது வந்தது, மேசையைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதேன்.

கதவுப் பக்கம் செருப்புச் சத்தம். முகத்தை லேப் கோட்டுக் கையால் துடைத்துக்கொண்டேன். கைடு வாசலில் நின்றபடியே எட்டி, குடுவையைப் பார்த்தார், பொங்குகிற குமிழியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவர் முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி மலர்ந்தது. இவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து எத்தனை நாளாயிற்று.

“முழிச்சிட்டா!”

“ஆமா சார்.”

“ஸ்தோத்திரம் ஆண்டவரே.” நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “நான் சொன்னேம்லா? கரியிலதாம் கோளாறு. நம்ம ஷமீமா பிள்ளை ஏமாத்த மாட்டா.” அவர் கண்ணிலும் தண்ணீர். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குடுவையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. குமிழி மேலே வந்து உடைந்துகொண்டே இருந்தது.

“தண்ணி நெறத்தப் பாருங்க சார்,” என்றேன். “உள்ள நான் ஒண்ணுமே போடல.”